படம் போட்டவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், பழைய தொடர்கதைகள் மறுபடியும் புத்தகமாக வந்து நன்றாக விற்பதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை, இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் பெயர், எந்தப் பத்திரிகையில் வந்தது, யார் சினிமாவாக எடுத்தார்கள், புதுப் பதிப்பின் விலை என்ன என்று எல்லாம் இருந்தது. நடுவில் பெரிதாக ஒரு படமும் போட்டிருந்தீர்கள். நாயனக்காரர் ஒருவர், பக்கத்தில் தவில்காரர், எதிரே தலையாட்டிக்கொண்டு நாலைந்து பேர். படத்துக்குக் கீழே ‘கோப்புப் படம்’ என்று இரண்டே சொல்.

அது விகடன் ஓவியர் கோபுலு வரைந்த படம் ஐயா. பக்கத்தில் அடங்குவதற்காக ஓரத்தை வெட்டியபோது கையெழுத்தும் சேர்ந்து போய்விட்டது போலிருக்கிறது. ஆனால் அந்தத் தவில்காரரின் முழங்கை வளைந்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே என் வயதுக்காரர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும். உங்கள் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிட இளையவர்கள், அவர்களுக்கு யார் சொல்வது? ஒரு வரி சேர்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத்தாளன் இல்லை, ஓவியனும் இல்லை. என் அப்பா திருவல்லிக்கேணியில் ஒரு பிளாக் மேக்கிங் கடையில் வேலை பார்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1968-ல் நானும் அதே வேலையில் சேர்ந்தேன். பிளாக் என்றால் இன்றைக்கு மனை வாங்குகிறவர்கள் வேறு எதையோ நினைப்பார்கள். நான் சொல்வது அச்சுக்கான பிளாக், அதாவது படம் பொறித்த துத்தநாகத் தகட்டை மரக்கட்டையில் அடித்து, ஈய எழுத்துகளின் உயரத்துக்குச் சமமாக்கி, எழுத்தோடு சேர்த்து அச்சுச் சட்டத்தில் பூட்டி அடிப்பது. ஆஃப்செட் வந்து எங்களைப் போன்ற கடைகளெல்லாம் மூடும்வரை தமிழ்நாட்டில் நீங்கள் பார்த்த பத்திரிகைப் படம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு அமிலத் தொட்டியில் குளித்துவிட்டு வந்ததுதான்.

எங்கள் வீட்டில் விகடன் வாங்குவோம். அம்மா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின்னைக் கழற்றிப் பத்திரமாகப் பிரித்து எடுத்து வைப்பாள், கதை முடிந்ததும் மொத்தமாக பைண்டரிடம் கொடுத்து காலிகோ முதுகு போட்டு வாங்கி வருவாள். அப்படிச் சேர்ந்தவற்றில் ஐந்து புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கின்றன, இருந்தாலும் படம் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் அதில் ஒன்று. ஐம்பதுகளில் அது விகடனில் வந்தபோது எனக்குப் படிக்கத் தெரியாத வயது, அம்மா படிக்கப் படிக்க நான் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 1968-ல் அது சினிமாவாக வந்து சிவாஜியும் பத்மினியும் அந்த முகங்களை எடுத்துக்கொண்டார்கள், அது வேறு அழகு. ஆனால் அம்மா படம் பார்த்துவிட்டு வந்து, “எனக்கு மோகனான்னா கோபுலு போட்ட மோகனாதான்” என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சினிமா வருவதற்குப் பத்து வருடம் முன்பே சண்முகசுந்தரம் எப்படி நிமிர்ந்து நிற்பார், வைத்தி எப்படிக் குழைவார் என்று லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தெரிந்திருந்தது, அதைத் தெரிய வைத்தது ஒரு பேனா. கதை எழுதியவரின் பேனாவைக் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு பேனா இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

என் பாட்டிக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. விகடன் வந்தால் அவள் கேட்பது ஒன்றுதான், “வார்த்தையில்லாத ஜோக்கு இருக்கா பாரு.” கோபுலு ஒரு சொல்கூட எழுதாமல் கட்டம் கட்டமாகப் போடும் நகைச்சுவைப் படங்கள் அவை. முதல் கட்டத்தில் ஒருவர் ஏதோ செய்வார், அடுத்ததில் இன்னொருவர் வருவார், கடைசிக் கட்டத்தில் சங்கதி புரியும். பாட்டி அதைத் தானே படித்துவிட்டுத் தானே சிரிப்பாள், வீட்டில் வேறு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒரு தடவை அவளும் பத்திரிகை படித்தாள் என்பதை இப்போது நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பந்திப் படம் வந்தால் இலையின் நுனி உட்கார்ந்திருப்பவரின் இடது பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பாள். ஊஞ்சல் சங்கிலி, கூஜா, திண்ணைத் தூண், மாமியின் கொசுவம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சரிபார்ப்பாள். கோபுலு படத்தில் அவளுக்குத் தப்பு கிடைத்ததாக நினைவில்லை.

கிடைக்காது, ஏனென்றால் அவர் பார்த்து வளர்ந்தது அதைத்தான். 1924 ஜூன் 18-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். இயற்பெயர் கோபாலன். கும்பகோணத்தில் ஓவியப் பள்ளியில் படித்தார். அப்போது விகடனில் மாலி பெரிய ஆள், தமிழ்ப் பத்திரிகைக் கேலிச்சித்திரம் என்றாலே மாலிதான். அவரைப் போய்ப் பார்த்த இளைஞனிடம் மாலி, திருவையாற்றில் தியாகராஜர் பூஜை செய்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து தரச் சொன்னார். அது 1941 விகடன் தீபாவளி மலரில் வந்தது. வயது பதினேழு. கோபாலனைக் கோபுலு ஆக்கியதும் மாலிதான். அப்புறம் விகடனிலேயே சேர்ந்து ஏறத்தாழ இருபது வருடம், அட்டைப்படம், ஜோக்கு, தொடர்கதை, பயணக்கட்டுரை என்று வாராவாரம் கையெழுத்து வந்துகொண்டே இருந்தது. தேவனின் துப்பறியும் சாம்புவை முதலில் ராஜு வரைந்தார், பிறகு அதையே படக்கதையாகக் கோபுலு போட்டார். சாவியின் வாஷிங்டனில் திருமணம் 1963-ல் விகடனில் வந்தபோது, அமெரிக்காவில் அப்பளம் இடுகிற பாட்டிகளையும் ராக்ஃபெல்லர் சீமாட்டியையும் ஒரே படத்தில் ஒட்ட வைத்து நம்மை நம்ப வைத்தவர் அவர்.

அந்தக் கதையை இன்றைக்குப் படம் இல்லாமல் வெறும் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். சிரிப்பு வரும், வராமல் இல்லை. ஆனால் மடிசார் கட்டிய மாமிகளும் கவுன் போட்ட வெள்ளைக்காரிகளும் ஒரு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் படிப்பது வேறு. வாராவாரம் வாசகர் முதலில் பார்த்தது படத்தைத்தான், பிறகுதான் முதல் வரி. எழுதியவருக்கும் அது தெரியும். அடுத்த வாரத்து அத்தியாயம் எழுதி முடியாதபோது, “இன்ன காட்சி வரும், நீங்கள் போட்டு வையுங்கள்” என்று வாயால் சொல்லிவிட்டு, படம் தயாரான பிறகு கதை எழுதி முடிப்பதெல்லாம் அந்தக் காலத்துப் பத்திரிகை அலுவலகங்களில் சாதாரணம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், இதை ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. கறுப்பு மையில் வெறும் கோடாக வரைந்த படத்துக்கு லைன் பிளாக். தண்ணீர் கலந்து சாம்பல் நிறங்களோடு வரைந்த வாஷ் டிராயிங், புகைப்படம் இதற்கெல்லாம் ஹாஃப்டோன் பிளாக், அதாவது படத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்துப் பொறிப்பது. மலருக்குப் போடுகிற வழவழப்பான ஆர்ட் பேப்பரில் நுண்ணிய புள்ளிகள் நிற்கும். வாராந்தரி அடிக்கிற நியூஸ்பிரிண்டில் நிற்காது, மை பரவி ஒன்றோடொன்று சேர்ந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேறு பூசின மாதிரி ஆகிவிடும். அதனால் வாராவாரம் வரைகிறவருக்குக் கோடுதான் கதி. அதிலும் சிக்கல் இருக்கிறது. மூலப்படத்தைப் பெரிதாக வரைவார்கள், ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. காமிராவில் அதைச் சுருக்கும்போது கோடும் மெலியும், இடைவெளியும் குறுகும். தகட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் அமிலம் கீழ்நோக்கி மட்டும் தின்னாது, பக்கவாட்டிலும் தின்னும், மெல்லிய கோட்டின் அடி கரைந்து அச்சில் உடைந்துபோகும். நெருக்கமாகக் கோடு போட்டு நிழல் காட்டியிருந்தால் நடுவில் மை அடைத்துக்கொள்ளும்.

அப்பா கடையில் இருந்த பூதக்கண்ணாடியைச் சில சமயம் வீட்டுக்கு எடுத்து வருவார். விகடனில் கோபுலு படத்தின் மேல் வைத்து என்னைப் பார்க்கச் சொல்வார். “இங்க பாரு, இந்தக் கோடு ஆரம்பிக்கிற இடத்துல மெல்லிசு, தோள்ல வர்றப்ப தடிக்குது, இடுப்புல விட்டுட்டான், மிச்சத்தை உன் கண்ணே போட்டுக்குது. இந்த மனுஷனுக்கு ஆசிட் என்ன பண்ணும்னு தெரியும்டா” என்பார். ஒருமையில் சொல்வது அவருடைய மரியாதை. தேவையில்லாத ஒரு கோடு இருக்காது, எங்கே வெள்ளையை விட வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். மங்கலான தாளில், தேய்ந்த ரோலரில், அவசரமாக அடித்த பிரதியிலும் அந்த முகம் சிரிக்கிறது, அந்த நாயனம் வாசிக்கிறது. இதைக் ‘கமர்ஷியல் ஆர்ட்’ என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு வாரம் அந்தத் தாளுக்கும் அந்த மெஷினுக்கும் வரைந்து பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரமும் வரைய வேண்டும், அதற்கடுத்த வாரமும்.

1963-ல் அவர் விளம்பரத் துறைக்குப் போனார், 1972-ல் ஆட் வேவ் என்று சொந்த விளம்பர நிறுவனம் ஆரம்பித்தார். அதற்குப் பிறகும் பத்திரிகைகளுக்கு வரைந்தார். கலைமாமணி விருது கிடைத்தது. வயதான காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியது. ஐம்பது அறுபது வருடம் வரைந்த கை. அந்த மனிதர் இடது கையால் வரையப் பழகிக்கொண்டார் ஐயா. குழந்தை சிலேட்டில் கிறுக்குவதுபோல் முதலிலிருந்து ஆரம்பித்து, அந்தக் கையையும் கோபுலுவின் கையாக்கினார். இதை முதலில் ஒரு பத்திரிகையில் படித்தபோது அப்பா உயிரோடு இல்லையே என்று வருத்தப்பட்டேன். 2015 ஏப்ரல் 29-ல் கோபுலு காலமானார், தொண்ணூறு வயது நிறைந்திருந்தது.

சரி, இத்தனை வேலை செய்தவருடைய மூலப்படங்கள் எங்கே? கோபுலுவுடையவை எத்தனை எங்கே இருக்கின்றன என்று குடும்பத்தாருக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும்தான் தெரியும், அதைப் பற்றி நான் பேச முடியாது. எங்கள் தொழிலில் நடந்ததைச் சொல்கிறேன். நான் முதலில் வேலை பார்த்த கடையில், பேர் வேண்டாம், பிளாக் செய்து முடிந்ததும் மூலப்படத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். பிளாக் வந்துவிட்டது, இனி காகிதம் எதற்கு? பின்கட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். 1974 மழையிலோ அதற்கடுத்த வருடத்திலோ, ஓதம் ஏறி நாற்றம் வருகிறது என்று முதலாளி பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டார். கெட்டி அட்டை, அதனால் நல்ல எடை நின்றது. நானும் தூக்கிக் கொடுத்தவர்களில் ஒருவன். கையில் எடுத்தபோது ஒவ்வொன்றிலும் பென்சில் கோடு தெரியும், வெள்ளை மையால் திருத்தின இடம் தெரியும், ஓரத்தில் ‘3 அங்குலம், அவசரம்’ என்று எழுதியிருக்கும். யார் யார் வரைந்ததோ. பெரிய பெயர்களும் இருந்திருக்கலாம், பெயரே இல்லாதவர்கள் நிச்சயம் இருந்தார்கள். அன்றைக்குத் தடுக்கவில்லையே என்ற கனம் ஐம்பது வருடமாக இருக்கிறது.

அமெரிக்காவில் நார்மன் ராக்வெல் என்று ஒரு பத்திரிகை ஓவியர். சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்ற வாராந்தரிக்கு 1916-லிருந்து 1963 வரை முந்நூறுக்கும் மேல் அட்டைப்படம் வரைந்தவர். அவரையும் அந்த ஊர் ஓவிய விமர்சகர்கள் வெகுகாலம் பத்திரிகைக்குப் படம் போடுகிறவர் என்றுதான் ஒதுக்கினார்கள். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஸ்டாக்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரில் இப்போது அவருக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. உணவு விடுதியில் ஒரு பாட்டியும் பேரனும் தலைகுனிந்து பிரார்த்தனை செய்வதுபோல் அவர் வரைந்த ஒரு அட்டைப்படத்தின் மூலம் 2013-ல் ஏலத்தில் 4.6 கோடி டாலருக்குப் போனது. பணத்துக்காகச் சொல்லவில்லை. அந்த அட்டையை அச்சடித்த பிறகு அதை யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரில் எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது நல்ல காரியம். கல்கியின் எழுத்துகள் அப்படி ஆன பிறகு பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகி, மலிவு விலையில் எல்லார் வீட்டுக்கும் போனது. ஆனால் எழுத்து மட்டும்தான் போனது. 1950 முதல் 1954 வரை அது கல்கியில் வாராவாரம் வந்தபோது கூடவே வந்தது மணியத்தின் படங்கள். மணியமும் கோபுலு பிறந்த அதே 1924-ல் பிறந்தவர், 1968-ல் நாற்பத்து நாலு வயதில் போய்விட்டார். கல்கி அவரையும் கூட்டிக்கொண்டு இலங்கைவரை போய் இடங்களைப் பார்த்து வந்துதான் அந்தக் கதைக்குப் படம் வந்தது. வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர், நந்தினியின் கொண்டைக்கும் குந்தவையின் கொண்டைக்கும் வித்தியாசம் காட்டியவர். பின்னால் கல்கியில் அந்தத் தொடர் மறுபடி மறுபடி வந்தபோது வினு, பத்மவாசன் எல்லாரும் அழகாக வரைந்தார்கள், ஆனால் அவர்கள் தொடங்கிய இடம் மணியம் நின்ற இடம். இன்றைக்குக் கடையில் அடுக்கியிருக்கிற மலிவுப் பதிப்புகளைப் புரட்டுங்கள். பலவற்றில் ஒரு படம்கூட இருக்காது, சிலவற்றில் அட்டையில் மட்டும் இணையத்திலிருந்து எடுத்த ஏதோ ஒரு ராஜகுமாரன் குதிரையில் போவான். வரைந்தவர் பெயர் தேடினாலும் கிடைக்காது.

படம் போட்டால் உரிமைச் சிக்கல் வரும் என்று பதிப்பாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஓவியத்துக்கும் ஓவியர் மறைந்து 60 வருடம் உரிமை இருக்கிறது. அந்தக் கணக்கில் மணியத்துக்கே 2028 முடிய வேண்டும், கோபுலுவுக்கு இன்னும் எவ்வளவோ வருடம். ஆனால் அந்தச் சட்டத்தையே முழுதாகப் படித்தால் இன்னொன்று இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓவியர் அந்தப் பத்திரிகைக்காக வரைந்ததைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு, மற்ற உரிமையெல்லாம் வரைந்தவருக்கே என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. புத்தகமாகப் போடுவதும் அந்த மற்ற உரிமையில்தான் வரும். அப்படியென்றால் கேட்க வேண்டியது ஓவியரின் குடும்பத்தை, பத்து வீடு தள்ளிக்கூட இருக்கலாம். போய்க் கேட்டு, ஒரு தொகை பேசி, படத்தோடு போடலாம். 57-ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. உரிமையை விற்றுவிட்டால்கூட, இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. ‘கோப்புப் படம்’ என்று போடுகிற ஒவ்வொரு தடவையும் நாம் மிதிப்பது அந்த உரிமையைத்தான்.

கோபுலு, மணியம் இரண்டு பேரை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. நாமக்கல்லிலிருந்து வந்த சில்பி, ஒவ்வொரு கோயிலாகப் போய்ச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து தென்னாட்டுச் செல்வங்கள் என்று விகடனில் வரைந்தார். அது புத்தகமாகவும் வந்தது, அப்படி வர முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது ஜெயராஜ் கோடுதான். புதுக்கோட்டைக்காரரான மாருதி 2023-ல் மறைந்தார். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களின் அட்டையில் அவர் வரைந்த பெண் முகங்களைப் பார்க்காமல் இந்த மாநிலத்தில் யாரும் ஊர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. இவர்கள் எல்லாரையும் அன்றைக்கு வாசகர்கள் பெயர் சொல்லித்தான் பேசினார்கள். “இந்த வாரத்திலேர்ந்து புதுத்தொடர், படம் இன்னார்” என்று விளம்பரமே வரும். அப்போது இருந்த பெயர் இப்போது எங்கே போனது?

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. முதலில் உங்கள் பத்திரிகையிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய படம் எதைப் போட்டாலும் வரைந்தவர் பெயர், வந்த பத்திரிகை, தெரிந்தால் வருடம், இவ்வளவு போடுங்கள். தெரியாவிட்டால் ‘வரைந்தவர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லலாம்’ என்று போடுங்கள், என்னைப் போல் பத்துப் பேர் அன்றைக்கே எழுதுவோம். கையெழுத்து இருக்கிற மூலையை வெட்டாதீர்கள். பக்க வடிவமைப்பு செய்கிற தம்பிகளுக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதும். பதிப்பாளர்களுக்கு: தொடராக வந்த கதையை மறுபடி போடும்போது, எல்லாப் படமும் முடியாவிட்டாலும் பத்துப் படமாவது அனுமதி வாங்கிச் சேர்த்து, தலைப்புப் பக்கத்தில் எழுதியவர் பெயருக்குக் கீழே ‘ஓவியம்’ என்று அவர் பெயரைப் போடுங்கள். அரசுக்கு: 1850-லிருந்து நடக்கிற ஓவியக் கல்லூரி சென்னையிலேயே இருக்கிறது, பத்திரிகை ஓவியத்துக்கென்று அதில் நிரந்தரமாக ஒரு கூடம் வைக்கலாம். மூலப்படம் எத்தனை கிடைக்கிறதோ அத்தனை, கூடவே அந்தப் பிளாக்குகள், அந்த இதழ்கள். ஒரு பிளாக்கை எப்படிச் செய்தோம் என்று காட்ட ஆள் வேண்டுமென்றால் நாங்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறோம், வந்து காட்டுகிறோம்.

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, பழைய இதழ்களை அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தூரிகை பிடித்த ஒருவர், பிறர் தூக்கிப் போட்ட அச்சுக் காகிதத்தையெல்லாம் தன் பணத்தைப் போட்டு வாங்கிச் சேர்த்தார், அவர் காலத்துக்குப் பிறகு அது நூலகமானது. அம்மாவின் ஐந்து பைண்டு புத்தகங்களை அங்கேயோ, ஸ்கேன் செய்து எல்லாரும் பார்க்கும்படி வைக்கிற வேறு எந்த நூலகத்துக்கோ கொடுக்கத் தயார். படம், கதை, பின்பக்க விளம்பரம், பாட்டியின் வார்த்தையில்லாத ஜோக்கு, எல்லாம் அச்சடித்தபடியே அதில் இருக்கின்றன. உங்கள் வாசகர்களிடமும் பரணில் இப்படி இருக்கும், எடைக்குப் போடும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டால் புண்ணியம்.

கடைசியாக ஒரு உதவி. அன்றைக்கு எடைக்குப் போட்ட கட்டுகளுக்கு அடியில் ஒரு லைன் பிளாக் கிடந்தது, மரம் கொஞ்சம் உளுத்திருந்ததால் யாரும் அதை எடுக்கவில்லை, நான் எடுத்து வந்துவிட்டேன். நாலு அங்குலத்துக்கு மூன்று. வாசல்படியில் உட்கார்ந்து பூத்தொடுக்கிற ஒரு பெண், பக்கத்தில் ஒரு காடா விளக்கு, நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டியிருக்கிறாள். இடது முழங்கைக்குக் கீழே ஒரு கோடு அமிலத்தில் உடைந்திருக்கிறது, அது எங்கள் கடைக்காரர்களின் தப்பு, வரைந்தவருடையது இல்லை. கையெழுத்து இல்லை. கோபுலு இல்லை, அது எனக்குத் தெரியும், விரல்கள் வேறு மாதிரி. மை தடவி ஒரு நல்ல பிரதி எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதை ஒரு மூலையில் போட்டு, இது யார் கை என்று வாசகர்களைக் கேளுங்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சென்னையில் பத்திரிகைகளுக்கு வரைந்த யாருடைய பிள்ளைகளாவது பேரப்பிள்ளைகளாவது அதைப் பார்த்து, இது எங்கள் அப்பா போட்டது என்று சொன்னால், பிளாக்கை நானே கொண்டுபோய் அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளாக் மேக்கர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை - 5